1911 கைத்துப்பாக்கி வாங்க நினைப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் குடியேறிய தமிழ் நண்பர்கள் துப்பாக்கி சுடும் களத்துக்கு முதன்முறை போய்வந்ததும் கேட்கத் தொடங்கும் கேள்விகளில் பாதியாவது ஒரே துப்பாக்கியைச் சுற்றியே அமைகின்றன. பழைய போர்ப்படங்களில் பார்த்த, கனத்த, இரும்பாலான அந்த அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி எது, அதை இன்றும் வாங்க முடியுமா, வாங்கினால் எதை வாங்குவது என்பவையே அந்தக் கேள்விகள். அவற்றுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

1911 என்பது ஒரு நிறுவனத்தின் மாடலா?

தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது, இன்று அப்படியில்லை. ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்து, கோல்ட் நிறுவனம் செய்து கொடுத்த இந்தத் துப்பாக்கியை அமெரிக்க ராணுவம் 1911 மார்ச் 29 அன்று ஏற்றுக்கொண்டது. பெயர் அந்த ஆண்டிலிருந்து வந்தது. காப்புரிமைகள் காலாவதியாகி வெகுகாலம் ஆகிவிட்டதால், இன்று அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், துருக்கி, பிரேசில் எனப் பல நாடுகளில் பல நிறுவனங்கள் இதே வடிவில் துப்பாக்கி செய்கின்றன. ஆகவே '1911 வேண்டும்' என்று கடையில் சொல்வது, நகைக்கடையில் போய் 'சங்கிலி வேண்டும்' என்று சொல்வதைப் போன்றது.

இது ஏன் உருவானது?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸ் தீவுகளில் மோரோ எனப்படும் உள்ளூர் முஸ்லிம் வீரர்களோடு மோதிய அமெரிக்கப் படையினர், தங்கள் கையிலிருந்த .38 சுழல்துப்பாக்கியின் குண்டு பட்ட பின்னும் எதிரி நிற்காமல் பாய்ந்து வருகிறான் என்று குறை சொன்னார்கள். அதைத் தொடர்ந்து 1904-இல் தாம்சன், லகார்ட் என்ற இரு அதிகாரிகள் நடத்திய சோதனைகளின் முடிவில், ராணுவக் கைத்துப்பாக்கிக் குண்டின் விட்டம் .45 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்ற பரிந்துரை எழுந்தது. பிரௌனிங் அதற்கேற்ற தோட்டாவையும் துப்பாக்கியையும் ஒருசேர வடிவமைத்தார். இறுதிச் சோதனையில் ஒரே துப்பாக்கியில் 6000 தோட்டாக்களைச் சுட்டார்கள் என்பதும், அது சூடேறியபோதெல்லாம் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு மறுபடி சுட்டார்கள் என்பதும், ஒரு தடங்கல்கூட நேரவில்லை என்பதும் இந்தத் துப்பாக்கியின் பிரியர்கள் சலிக்காமல் சொல்லும் கதை.

1985-இல் பெரெட்டாவின் 9 எம்எம் துப்பாக்கி அதன் இடத்துக்கு வரும்வரை, எழுபது ஆண்டுகளுக்கு மேல் அது அமெரிக்க ராணுவத்தின் அதிகாரபூர்வக் கைத்துப்பாக்கியாக இருந்தது. இடையில் 1920-களில் சில மாற்றங்கள் செய்யப்பட்டன: விசையின் நீளம் குறைந்தது, விசைக்குப் பின்னால் விரல் அமர ஃபிரேமில் (துப்பாக்கியின் அடி உடலில்) பள்ளம் வெட்டப்பட்டது, பிடியின் பின்பகுதி வளைந்தது. அந்த வடிவத்துக்கு 1911ஏ1 என்று பெயர்.

முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்?

நிறுவனத்தையும் விலையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்கு வேண்டியது ஒரு வரலாற்றுப் பொருளா, அல்லது வாராவாரம் களத்துக்கு எடுத்துப் போய்ச் சுடும் கருவியா என்பதை முதலில் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே துப்பாக்கியில் தேடுபவர்கள்தாம் அதிகம் செலவழித்துவிட்டு அதிகம் வருந்துகிறார்கள் என்பது நான் திரும்பத் திரும்பப் பார்த்த உண்மை. போர்க்கால உருவம் வேண்டும் என்று வாங்கியவர், அதன் மிகச் சிறிய குறிமுள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஆறு மாதத்தில் அதை அறுத்து வேறு பொருத்துகிறார். அதன்பின் அது வரலாற்றுப் பொருளும் இல்லை, நல்ல சுடுகருவியும் இல்லை. நன்றாகச் சுட வேண்டும் என்று எல்லா வசதிகளோடும் வாங்கியவர், அது பழைய படங்களில் வருவதைப் போல இல்லையே என்று குறைப்படுகிறார்.

முதல் 1911 வாங்குபவர் எவராயினும் நான் சொல்வது ஒன்றுதான். ஐந்து அங்குலக் குழலும் முழு எஃகு ஃபிரேமும் கொண்ட, கண்ணுக்குத் தெரியும் குறிமுள்ளோடு கூடிய, அலங்காரமில்லாத ஒன்றை வாங்குங்கள். மிச்சப் பணத்தில் நல்ல மேகசின்களும் (தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் பெட்டிகள்) தோட்டாக்களும் வாங்குங்கள்.

அமெரிக்காவில் விசாவில் இருக்கும் நான் வாங்கலாமா?

பெரும்பாலும் முடியாது, நம்மவர்களுள் பலருக்கு இது தெரிவதில்லை. எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றமற்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதையும் வைத்திருப்பதையும் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு என்றாலும், அவற்றை நம்பி இறங்குவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது அவசியம், ஏனெனில் இதில் தவறு நேர்ந்தால் அது குற்றவழக்காவதோடு குடியேற்ற நிலையையும் பாதிக்கும். பச்சை அட்டை உள்ளவர்களும் குடிமக்களும், வேறு தடை எதுவும் இல்லையெனில், வாங்கலாம்.

உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்கக் கூட்டாட்சிச் சட்டம் வைத்திருக்கும் வயது வரம்பு 21. கடையில் வாங்கும் கைத்துப்பாக்கி நீங்கள் வசிக்கும் மாநிலத்துக் கடை வழியாகத்தான் உங்கள் கைக்கு வர முடியும். இணையத்தில் வாங்கினாலும் அது உள்ளூர்க் கடைக்கு வந்து, 4473 என்ற படிவத்தை நீங்கள் நிரப்பி, பின்னணிச் சரிபார்ப்பு முடிந்த பிறகே ஒப்படைக்கப்படும். அதற்கு மேல் மாநிலச் சட்டம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் பத்து நாள் காத்திருக்க வேண்டும் என்பதோடு, கடைகள் புதிதாக விற்கும் கைத்துப்பாக்கி அந்த மாநிலத்தின் அனுமதிப் பட்டியலில் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. நியூயார்க்கில் முன்கூட்டியே உரிமம் பெற வேண்டும். டெக்சாஸில் இவ்வளவு இல்லை.

குழலின் நீளம் எவ்வளவு இருக்க வேண்டும்?

மூல வடிவின் குழல் 5 அங்குலம். தோட்டா இல்லாமல் எடை ஏறத்தாழ 1.1 கிலோ. 1949-50 அளவில் கோல்ட் அறிமுகப்படுத்திய கமாண்டர் வடிவின் குழல் 4.25 அங்குலம். 1985-இல் வந்த ஆஃபீசர்ஸ் வடிவம் 3.5 அங்குலம். இப்போது 3 அங்குலத்திலும் செய்கிறார்கள்.

சிறியது கைக்கு அடக்கமாக இருக்கும் என்று நினைத்து மூன்று அங்குலத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. காரணம் இயக்கத்தில் இருக்கிறது. குண்டு கிளம்பும்போது ஸ்லைடும் (குழலை மூடியபடி முன்னும் பின்னும் ஓடும் மேற்பகுதி) குழலும் பிணைந்தபடி சிறிது தூரம் பின்னுக்கு நகர்கின்றன. பிறகு குழலின் அடியிலுள்ள ஒரு சிறு இணைப்புத் துண்டு அதன் பின்முனையைக் கீழே இழுக்க, ஸ்லைடு மட்டும் விடுபட்டுப் பின்னால் போய், வெற்றுக் கூட்டை வெளியே எறிந்துவிட்டு, திரும்பி வரும் வழியில் அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு வருகிறது. பிரௌனிங் இந்தக் கணக்கையெல்லாம் ஐந்து அங்குலத்துக்குப் போட்டார். குழலைக் குறைத்தால் ஸ்லைடின் எடையும் அது ஓடும் தூரமும் குறைகின்றன, ஸ்பிரிங்கை இறுக்க வேண்டியிருக்கிறது, மேகசினிலுள்ள தோட்டா மேலெழுந்து வர கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. நன்றாகச் செய்யப்பட்ட குட்டை 1911 நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அதற்குப் பராமரிப்பிலும் தோட்டாத் தேர்விலும் பொறுமை வேண்டும். போதாக்குறைக்கு .45-இன் உதைப்பு முழுவதும் அந்தச் சிறிய உடல் வழியாக உங்கள் மணிக்கட்டில் இறங்கும்.

.45 நல்லதா, 9 எம்எம் நல்லதா?

'.45 அல்லாதது 1911-ஏ அல்ல' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு வாதிட்டுப் பயனில்லை. .45 தோட்டாவின் வழக்கமான குண்டு 230 கிரெயின், அதாவது ஏறத்தாழ 15 கிராம். அது ஒலியின் வேகத்துக்கும் குறைவாகவே பறக்கிறது. உதைப்பு கூர்மையாக இல்லாமல், தோளைப் பிடித்து ஒருவர் நிதானமாகத் தள்ளுவதைப் போல இருக்கும். 9 எம்எம் குண்டு அதில் பாதி எடைதான், வேகம் அதிகம். அதே எஃகுத் துப்பாக்கியில் 9 எம்எம் சுட்டால் உதைப்பு மிக மிருதுவாகிவிடும்.

பணத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். .45 தோட்டாவின் விலை 9 எம்எம்மைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை இருக்கிறது. மாதம் 200 தோட்டா சுடுபவருக்கு, ஓரிரு ஆண்டில் இந்த வித்தியாசமே இன்னொரு துப்பாக்கியின் விலையாகிவிடும். பழகுவதற்கு 9 எம்எம்மையும், பழமையின் சுவைக்கு .45-ஐயும் பரிந்துரைப்பேன். ஆனால் இந்த உடல் .45-இன் நீளத்துக்காகச் செய்யப்பட்டது. 9 எம்எம் தோட்டா குட்டையானது. ஆகவே 9 எம்எம் மேகசினின் பின்புறத்தில் ஒரு தடுப்பு வைத்து இடைவெளியை நிரப்புகிறார்கள். நல்ல மேகசினின் அவசியம் அங்கே இன்னும் கூடுகிறது.

1929-இல் வந்த .38 சூப்பர் என்றொரு தோட்டாவும் உண்டு. ராணுவத் தோட்டாக்களைத் தனியார் வைத்திருக்கக் கூடாத மெக்சிகோவில் அது பெரிதும் விரும்பப்பட்டது. அமெரிக்காவில் முதல் துப்பாக்கிக்கு அது வேண்டாம். எல்லாக் கடையிலும் தோட்டா கிடைக்காது.

குதிரையை ஏற்றிய நிலையில் வைத்திருப்பது ஆபத்தில்லையா?

துப்பாக்கியின் சுத்தியலைக் குதிரை என்று சொல்லும் பழைய வழக்கு தமிழில் உண்டு. இங்கே அதையே எடுத்துக்கொள்கிறேன். 1911-இன் விசை குதிரையை விடுவிக்க மட்டுமே செய்யும்; ஏற்றாது. எனவே உடனே சுடத்தக்க நிலை என்பது, அறையில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடத்தில்) தோட்டா இருந்து, குதிரை ஏற்றப்பட்டு, கட்டைவிரல் பாதுகாப்பு மேலே தள்ளப்பட்ட நிலைதான். பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் கட்டைவிரல் பாதுகாப்பு, குதிரையைப் பிடித்திருக்கும் கொக்கியையே அசையவிடாமல் தடுக்கிறது. பிடியின் பின்புறமுள்ள இன்னொரு பாதுகாப்பு, கை முழுதாகப் பற்றாதவரை விசையைப் பின்னுக்கு வரவிடாது.

அறையில் தோட்டா இருக்கும்போது குதிரையை விரலால் பிடித்து மெல்ல இறக்கி வைக்கும் வழக்கம்தான் உண்மையில் அபாயமானது. எண்ணெய்க் கை வழுக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. புதியவர்கள் அறையைக் காலியாகவே வைத்திருக்கலாம். எந்த நிலையில் இருந்தாலும், எல்லாத் துப்பாக்கியும் நிரப்பப்பட்டது என்றே கருதுவது, அழிக்க விரும்பாத எதன்மீதும் குழலைத் திருப்பாதது, குறி சேரும்வரை விசையில் விரல் வைக்காதது, இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் அறிந்துகொள்வது ஆகிய நான்கு விதிகளுக்கு மேல் எந்த இயந்திரப் பாதுகாப்பும் வராது.

70 வரிசை, 80 வரிசை என்கிறார்களே?

கோல்ட் நிறுவனம் 1983-இல் தொடங்கிய 80 வரிசையில், விசையை இழுக்காதவரை, தோட்டாவின் பின்புறத்தைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி முன்னே போகாதபடி ஸ்லைடுக்குள் ஒரு தடுப்பைச் சேர்த்தது. துப்பாக்கி தவறிக் கீழே விழுந்தால் வெடிக்காமல் இருப்பதற்காக. அதற்கு முந்தைய 70 வரிசையில் அது இல்லை. இன்று '70 பாணி' என்றால் ஊசித் தடுப்பு இல்லாதது என்று பொருள். தடுப்பு இருந்தால் விசையின் மென்மை போய்விடும் என்ற புகார் மிகையானது. ஆயிரத்தில் ஒருவரின் விரலுக்குத்தான் அது தெரியும். ஸ்பிரிங்ஃபீல்டு, ரூகர் போன்ற நிறுவனங்கள் தடுப்புக்குப் பதிலாக எடை குறைந்த டைட்டேனியம் ஊசியை வைத்து அதே சிக்கலைத் தீர்க்கின்றன. கிம்பர் நிறுவனத்தின் பல மாடல்களில் தடுப்பு பிடிப் பாதுகாப்போடு இணைந்திருக்கிறது. இதை வைத்து மட்டும் வாங்கவோ தள்ளவோ வேண்டியதில்லை.

எந்த நிறுவனத்தினுடையதை வாங்குவது?

இதை எழுதும் காலத்தில் 400 முதல் 600 டாலருக்குள் பிலிப்பைன்ஸின் ஆர்ம்ஸ்கோர் செய்யும் ராக் ஐலண்ட் துப்பாக்கிகளும், துருக்கியின் டிசாஸ் துப்பாக்கிகளும் கிடைக்கின்றன. எந்தத் தீவுகளில் நடந்த சண்டையால் இது பிறந்ததோ, அந்தத் தீவுகளிலேயே இன்று இது பெருமளவில் செய்யப்படுகிறது. போர்க்காலத் தோற்றம் குறைந்த விலைக்கு வேண்டும் என்பவருக்கு டிசாஸ் ஒரு நல்ல தேர்வு. மேற்பூச்சு கொஞ்சம் முரடாக இருக்கலாம், உள்ளே உழைக்கிறது.

700 முதல் 1000 டாலர் அளவில் ரூகர், ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி ஆகியவை வருகின்றன. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: மாசசூசெட்ஸில் இருந்த அரசின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலை 1968-இல் மூடப்பட்டது, இப்போதுள்ளது அந்தப் பெயரை எடுத்துக்கொண்ட இல்லினாய் மாநிலத் தனியார் நிறுவனம். துப்பாக்கி நன்றாகவே இருக்கிறது என்பது வேறு விஷயம். கோல்ட் ஆயிரத்தை ஒட்டி வருகிறது. 2021-இல் அதைச் செக் நாட்டு நிறுவனம் வாங்கிவிட்டது என்றாலும், ஸ்லைடில் அந்தக் குதிரைக்குட்டி முத்திரை இருப்பதற்கே தனி விலை உண்டு. அதற்கு மேலே டான் வெசன். மூவாயிரத்தைத் தாண்டினால் வில்சன் காம்பாட், நைட்ஹாக் போன்ற, ஒவ்வொன்றையும் கையால் பொருத்தித் தரும் பட்டறைகள்.

முதல் துப்பாக்கிக்கு நடு அடுக்கே போதும். மலிவானதற்கும் நடுத்தரத்துக்கும் உள்ள வேறுபாடு, நடுத்தரத்துக்கும் மூவாயிரத்துக்கும் உள்ளதைவிடப் பெரியது.

போர்க்காலத்து உண்மையான 1911 கிடைக்குமா?

கிடைக்கும், விலை கடுமையாக இருக்கும். அமெரிக்க அரசுக்காக மொத்தம் 27 லட்சம் அளவில் செய்யப்பட்டன. இரண்டாம் உலகப் போரின்போது கோல்ட்டின் கை போதாமல், ரெமிங்டன் ராண்ட், இத்தாகா, ரயில் சிக்னல் செய்யும் யூனியன் சுவிட்ச் அண்ட் சிக்னல் ஆகியவையும் செய்தன. நம் ஊர்த் தட்டச்சுப் பயிலகங்களில் 'ஏ எஸ் டி எஃப்' அடித்த அதே ரெமிங்டன்தான். தையல் இயந்திரம் செய்யும் சிங்கர் நிறுவனமும் 1941-இல் 500 துப்பாக்கிகள் செய்து கொடுத்தது. பாட்டி வீட்டுத் தையல் இயந்திரத்தில் பார்த்த பெயரை ஒரு துப்பாக்கியின் ஸ்லைடில் பார்ப்பது விசித்திரமான அனுபவம். அந்த 500-இல் ஒன்று ஏலத்துக்கு வந்தால் வீட்டு விலை போகும் என்பதால் போலிகளும் உலவுகின்றன.

அரசின் கிடங்கில் மிஞ்சிய 1911-களைச் சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பு 2018 முதல் குலுக்கல் முறையில் விற்று வருகிறது. சேகரிப்புக்கு வாங்குபவர் அந்த வழியைப் பார்க்கலாம். ஒன்று மட்டும்: பழையதை மெருகேற்றாதீர்கள். தேய்ந்த பூச்சோடு இருப்பதற்குத்தான் விலை. பளபளப்பாகத் திரும்பவும் நீலப் பூச்சு ஏற்றியது பாதி விலைக்குப் போகும்.

கடையில் எடுத்துப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

ஸ்லைடை இழுத்து, அறையும் மேகசின் குழியும் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள், கடைக்காரர் உங்கள் முன்னாலேயே பார்த்திருந்தாலும். பிறகு கையில் பிடித்து, பிடியை மாற்றாமலே கட்டைவிரல் பாதுகாப்பை இறக்க முடிகிறதா, உள்ளங்கை பிடிப் பாதுகாப்பை முழுதாக அழுத்துகிறதா என்று பாருங்கள். சிலருக்கு உள்ளங்கை குழிவாக இருப்பதால் உயர்த்திப் பிடிக்கும்போது அது அழுந்தாமல் போகும். அவர்கள் அந்தப் பாகத்தில் மேடு வைத்த மாடலை வாங்க வேண்டும்.

கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, பாதுகாப்பான திசையில் நோக்கி, குதிரையை ஏற்றி, பாதுகாப்பை மேலே தள்ளி, விசையை அழுத்துங்கள். எதுவும் நடக்கக் கூடாது. விரலை எடுத்துவிட்டுப் பாதுகாப்பை இறக்குங்கள். அப்போதும் குதிரை விழக் கூடாது. அடுத்து, பிடிப் பாதுகாப்பை அழுத்தாமல் விசையை மட்டும் இழுத்துப் பாருங்கள். கடைசியாக முறைப்படி இழுங்கள். பெரும்பாலான மற்றத் துப்பாக்கிகளில் விசை ஓர் ஆணியைச் சுற்றி ஊசலாடும். இதிலோ நேர்கோட்டில் பின்னுக்கு வழுக்கும். ஏறத்தாழ இரண்டு கிலோ அழுத்தத்தில், கண்ணாடிக் குச்சி முறிவதைப் போல 'டக்'கென்று விடும். நூறாண்டு கழிந்தும் இதை மக்கள் விடாமல் வாங்குவதற்குப் பாதிக் காரணம் இந்த விசைதான்.

காலி அறையின்மீது ஸ்லைடைப் 'படார்' என்று விடாதீர்கள். கையால் பிடித்து மெல்ல முன்னே கொண்டு வாருங்கள். கடைக்காரர் உங்களை மதிக்கத் தொடங்குவது அந்த நொடியில்தான்.

என் கை சிறியது, எனக்குப் பொருந்துமா?

தோட்டாக்கள் ஒற்றை வரிசையில் அடுக்கப்படுவதால் இதன் பிடி ஒடுக்கமானது. பருமனான பல புதிய துப்பாக்கிகளைவிடச் சிறிய கைக்கு இதுவே எளிது. குட்டை விசை, மெல்லிய பிடிப்பலகை, தட்டையான பின்பகுதி ஆகிய மூன்றையும் மாற்றிக்கொள்ளலாம். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இருபுறமும் பாதுகாப்பு வைத்த மாடலைக் கேட்க வேண்டும்.

அடிக்கடி தடைபடும் என்கிறார்களே, உண்மையா?

ஓரளவு உண்மை, ஆனால் பழி பெரும்பாலும் தவறான இடத்தில் விழுகிறது. முதல் குற்றவாளி மேகசின். துப்பாக்கியோடு வரும் மலிவான மேகசினை நம்பித் தடுமாறுபவர்கள், வில்சன் காம்பாட்டினுடையதையோ இத்தாலியின் மெக்-காரினுடையதையோ போட்டதும் அமைதியாகிவிடுகிறார்கள். மேகசினில் எண் எழுதி வையுங்கள். எந்த எண்ணில் தடங்கல் வருகிறது என்று தெரிந்தால் பாதி நோய் கண்டறியப்பட்டது.

இரண்டாவது, வெற்றுக் கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கி. பழைய வடிவில் அது தனி ஸ்பிரிங் இல்லாத, தானே ஸ்பிரிங்காக வளைந்து நிற்கும் ஒற்றை எஃகுத் துண்டு. அதன் இறுக்கம் சரியாக இருந்தால் கூடுகள் வலப்புறம் ஒரே குவியலாக விழும். ஒன்று முன்னே, ஒன்று நெற்றியில், ஒன்று சட்டைக் காலருக்குள் என்று விழுந்தால் இறுக்கம் குறைந்துவிட்டது என்று பொருள். காலருக்குள் விழுந்த சூடான கூட்டோடு நான் ஆடிய ஆட்டத்தைக் களத்தில் சிலர் இன்னும் மறக்கவில்லை. தோட்டாவைக் கையால் அறைக்குள் போட்டு ஸ்லைடை அதன்மேல் மூடுவது அந்தக் கொக்கியைக் கெடுக்கும். எப்போதும் மேகசின் வழியாகவே ஏற்றுங்கள்.

மூன்றாவது, தோட்டாவின் வடிவம். பழைய வடிவம் உருண்டை முனைக் குண்டுக்காகச் செய்யப்பட்டது. குழிமுனைக் குண்டுகள் சில துப்பாக்கிகளில் ஏறும்போது இடறும். புதிதாக வாங்கியதும், தாராளமாக எண்ணெய் விட்டு, முதல் 200 முதல் 500 தோட்டாக்களை உருண்டை முனையிலேயே சுடுவது நல்லது.

வீட்டுப் பாதுகாப்புக்கு இது ஏற்றதா?

வாரந்தோறும் பழகுபவருக்கு ஏற்றது. அலமாரியில் வைத்துவிட்டு ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பவருக்கு ஏற்றதல்ல. பதற்றத்தில் பாதுகாப்பை இறக்க விரலுக்குத் தானாகத் தோன்ற வேண்டும், மேகசினில் ஏழு அல்லது எட்டுத் தோட்டாதான், எடையும் அதிகம். அப்படிப்பட்டவர் வேறு எளிய துப்பாக்கியை நாடலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும் பூட்டிய பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். சில மாநிலங்களில் அது சட்டமும்கூட.

1911-க்குப் பதிலாக ஹை-பவர் வாங்கலாமா?

பிரௌனிங் தொடங்கி வைத்து, 1926-இல் அவர் பெல்ஜியத்தில் இறந்த பின் தியதோனே சைவ் முடித்த வடிவம் அது; 1935-இல் வந்தது; 9 எம்எம், 13 தோட்டா. இந்திய ராணுவத்தின் நெடுநாள் கைத்துப்பாக்கியான, ஈஷாப்பூர் ஆலையில் செய்யப்பட்ட 9 எம்எம் 1ஏ இதன் வழிவந்ததுதான். கையில் பிடிக்க 1911-ஐவிடச் சுகமானது என்பது என் கருத்து. ஆனால் மேகசின் இல்லாவிட்டால் சுடவிடாத ஓர் இணைப்பு பழைய மாடல்களில் விசையைக் கரகரப்பாக்கிவிடுகிறது. 2021-இல் ஸ்பிரிங்ஃபீல்டு கொண்டுவந்த எஸ்ஏ-35 அந்த இணைப்பை நீக்கிவிட்டது. பழைய பாணியும் 9 எம்எம்மும் ஒருங்கே வேண்டும் என்பவர் இரண்டையும் அருகருகே வைத்துச் சுட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

இந்தியாவுக்குத் திரும்பும்போது கொண்டு போகலாமா?

அந்த எண்ணமே வேண்டாம். இந்தியச் சட்டத்தில் 9 எம்எம் தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. உரிமத்தில் அங்கே வழக்கமாகக் கிடைப்பது .32. திரும்புவதற்கு முன் இங்கேயே உரிமம் பெற்ற கடையில் விற்றுவிடுங்கள்.

பிரித்துச் சுத்தம் செய்வது கடினமா?

கருவி வேண்டாம், பொறுமை வேண்டும். மேகசினை எடுத்து, அறை காலி என்று பார்த்த பிறகு, குழல் முனைக்குக் கீழேயுள்ள வட்ட மூடியை அழுத்திக்கொண்டு, குழலைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்ப வேண்டும். மூடிக்குப் பின்னால் இறுக்கமான ஸ்பிரிங் இருக்கிறது. முதல்முறை என் கட்டைவிரல் நழுவியதில் மூடி கூரையில் பட்டு, புத்தக அலமாரிக்குப் பின்னால் விழுந்தது. அது என் கண்ணைத் தாக்காமல் போனதற்கு அன்று அணிந்திருந்த மூக்குக்கண்ணாடியே காரணம். அதன்பின் கைக்குட்டையால் பொத்திக்கொண்டுதான் திருப்புகிறேன்.

திரும்பப் பூட்டும்போது ஸ்லைடை நிறுத்தும் நெம்பை இடப்புறத்திலிருந்து உள்ளே தள்ள வேண்டும். அதை ஃபிரேமின்மேல் தேய்த்தபடி மேலே சுழற்றினால், விசைக்கு மேலே பிறை வடிவில் ஒரு கீறல் விழும். அமெரிக்கர்கள் அதற்கு 'முட்டாள் கீறல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நெம்பை நேராகப் பிடித்து, உரிய பள்ளத்துக்குச் சற்றுக் கீழே வைத்து, உட்புறமாக மட்டும் அழுத்தினால் அது விழாது. பழைய துப்பாக்கி வாங்கப் போகும்போது முதலில் அந்த இடத்தைப் பாருங்கள்; கீறல் இருந்தால் துப்பாக்கிக்குப் பழுதில்லை, ஆனால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.